லி ஏன் தனியாக நிற்பதில்லை

அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கால் இருந்தது. வீடு வாசல் இருந்தது, பசியும் இருந்தது. மனிதர்கள் வாயைத் திறந்து ஒரு சொல்லைக் கூப்பிட்டால், அந்தச் சொல் போட்டது போட்டபடி எழுந்து ஓட வேண்டும். ஓடிப்போய் அந்த வாயில் நின்று வேலையை முடித்தால், வாயிலிருந்து வரும் சூடான மூச்சுதான் அதற்குச் சோறு. அடிக்கடி கூப்பிடப்பட்ட சொற்கள் கொழுகொழுவென்று திரிந்தன. யாரும் கூப்பிடாத சொல் இளைத்துப்போகும். முதலில் விரல் நுனி கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு கை, பிறகு முகம். கடைசியில் ஊருக்கு வடக்கே இருந்த பனிமூட்டத்துக்குள் நடந்துபோய்விடும். அப்படிப் போன சொல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆங்கிலச் சொற்களின் ஊர் ஒரு குளிர்ந்த ஆற்றின் இரண்டு கரையிலும் பரந்து கிடந்தது. இந்தக் கரையில் பெயர்த் தெரு. வீடு, மாடு, ரொட்டி, ராஜா என்று பொருள்களின் பெயரைச் சுமந்த பெரிய மனிதர்கள் அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வெளியே கிளம்பினால் முன்னால் குடைபிடித்து நடக்க ஓர் ஆள் வேண்டும். வருவது எப்படிப்பட்ட வீடு, எப்படிப்பட்ட மாடு என்று முன்னாலேயே கூவிக்கொண்டு போவது அந்தக் குடைக்காரனின் வேலை. மெதுவான என்ற பொருளுள்ள ஸ்லோ, சந்தோஷமான என்ற பொருளுள்ள ஹாப்பி, நல்ல என்ற பொருளுள்ள குட், வேகமான என்ற பொருளுள்ள ஃபாஸ்ட் எல்லாரும் குடைக்காரர்கள்தான். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதுகு காலியாக வெளியே போகமாட்டார்கள். பின்னால் எஜமான் வந்தால்தான் கௌரவம். வெறும் முதுகோடு தெருவில் போகிறவனை வேலை போனவன் என்று ஊர் கேலி பேசும்.

எதிர்க்கரையில் வினைத் தெரு. நடப்பது, ஓடுவது, பாடுவது, பேசுவது என்று வேலை செய்யும் சொற்கள் அங்கே இருந்தார்கள். அந்தத் தெருவில் நாற்காலி என்ற ஒன்றே கிடையாது, போட்டாலும் உட்கார ஆள் கிடையாது. இரண்டு கரைக்கும் நடுவே ஒரு கல்பாலம். பாலத்துக்குக் காவல் நாட் என்பவர். இல்லை, கூடாது என்பதுதான் அவருடைய பொருள். ஆகவே அவரால் சரி என்று சொல்ல முடியாது, பாவம். யாராவது வந்து வழி கேட்டால் கூடாது என்பார். கூடாது என்று சொல்லக் காரணம் கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பார். அவர் ஆற்றைப் பார்த்தால் போகலாம் என்று அர்த்தம்.

பெயர்த் தெருவின் நடுவில் ஒரு சின்ன வீட்டில் லிக் இருந்தாள். உடம்பு என்பது அவள் பொருள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவளைக் கூப்பிடுவார்கள். காய்ச்சலில் கிடப்பவனைத் தொட்டுப் பார்த்துக் கூப்பிடுவார்கள். இறந்தவரைத் தூக்கும்போதும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "உயிர் இருந்தாலும் நான்தான், போனாலும் நான்தான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் திமிர்தான். ஆனால் எந்த வாய் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் ஓடினவள், அந்தத் திமிர் அவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படி இருக்கையில் தெருக்கோடியில் பாடி என்று ஒருவன் குடிவந்தான். அவனுக்கும் உடம்பு என்றுதான் பொருள். ஆள் வாட்டசாட்டமாக இருந்தான். அவன் பெயரைச் சொல்லும்போது உதடு இரண்டும் ஒன்றையொன்று தட்டிவிட்டுத் தானாகத் திறந்துகொள்ளும், சிரமமே கிடையாது. லிக் என்று சொன்னால் கடைசியில் தொண்டையில் ஒரு முள் மாட்டினாற்போல இருக்கும். வாய்களுக்குச் சோம்பல் அதிகம். ஒருநாள் ஒரு தாய் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாடியைக் கூப்பிட்டாள். பிறகு வைத்தியர் கூப்பிட்டார். பிறகு குழிவெட்டுகிறவர்களும் அவனையே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

லிக் வாசலில் செருப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூப்பிடுவார் இல்லை. ஒரு காலையில் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டியபோது, சுண்டுவிரல் வழியாகப் பானையின் விளிம்பு தெரிந்தது. கையை இடுப்புத்துணியில் சுற்றி மறைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பாடி கெட்டவன் இல்லை. ஒரு சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நான் வேணும்னு உங்க வேலையப் பறிக்கல. கூப்பிடறாங்க, ஓடறேன். ஓடாம இருக்க முடியுமா, சொல்லுங்க."

"உன்னை யாருப்பா குத்தம் சொன்னா? கூப்பிட்டா ஓடத்தான் வேணும். ஓடாத சொல்லு என்ன சொல்லு?"

"நீங்க இளைச்சுட்டே போறீங்க. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. பேசாம வடக்குப் பக்கம்... அங்க பசியே இருக்காதுன்னு சொல்றாங்க அக்கா."

லிக்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வடக்கே போன யாராவது திரும்பி வந்து உன்கிட்ட அப்படிச் சொன்னாங்களா? நான் போகமாட்டேன். எனக்கு இன்னும் ஓடறதுக்குக் கால் இருக்கு. உடம்புங்கற வேலை போச்சுன்னா வேற வேலை தேடிக்கறேன். நீ போய்த் தூங்கு."

அவன் போன பிறகு அவள் அழுதாள் என்பது உண்மைதான். ஆனால் அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, ஊரில் யாருக்கு என்ன குறை என்று பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

குறை வினைத் தெருவில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தால் அது ஊருக்கே தெரிந்துபோயிற்று. ஈடித் என்ற மீன்காரியின் புருஷன் காட்வின், உறைந்த ஏரியின்மேல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். பனிக்கட்டி நடுவில் மெல்லிசாக இருப்பதைக் கரையிலிருந்து ஈடித் பார்த்துவிட்டாள். நட என்று பொருள்படும் வாக் என்ற சொல்லைக் கூப்பிட்டாள். வாக் ஓடிவந்து அவள் வாயில் நின்றாள். "வாக்! வாக்!" என்று ஈடித் கத்தினாள். எப்படி நடப்பது என்று சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. பெண்டாட்டி அவசரமாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் காட்வின் விறுவிறுவென்று நடந்தான். பனிக்கட்டி பிளந்து இடுப்புவரை உள்ளே போய்விட்டான். வலைக்கயிற்றைப் போட்டு இழுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் அவன் திரும்பவும் அந்த ஏரியைக் கடந்துதான் தினம் வேலைக்குப் போக வேண்டும்.

ஊரில் உள்ள வாய்கள் எல்லாம் வாக்கைத் திட்டின. அவள் பாலத்தைத் தாண்டிப் பெயர்த் தெருவுக்கு வந்து, நடுத்தெருவில் அங்குமிங்கும் நடந்தபடியே கத்தினாள். நின்று கத்த அவளுக்குத் தெரியாது.

"நான் என்ன பண்ணுவேன்? நடன்னா நடப்பேன். எப்படி நடக்கணும்னு சொல்ல எனக்குன்னு ஒரு ஆள் உண்டா? இங்க ஒரு மாட்டுக்கு முன்னால ரெண்டு குடைக்காரன் போறான். கறுத்த மாடு, பெரிய மாடுன்னு கூவறான். அங்க நாங்க வேலை செஞ்சு சாகறோம், எங்களுக்கு ஒருத்தன் வரக்கூடாதா?"

குடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குட் தன் குடையின் தூசியைத் தட்ட ஆரம்பித்தான். ஊரில் நல்ல பெயர் வாங்கியவன் அல்லவா, ஆபத்தான இடத்துக்கு அவன் ஏன் போகிறான். ஃபாஸ்ட் மட்டும், "நான் வரேன்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஆற்றை ஒரே தாவலாகத் தாவி அக்கரையில் போய் நின்றுவிட்டான். அவனுக்குப் பாலமும் வேண்டாம், காவலரின் அனுமதியும் வேண்டாம். ஆனால் பனிக்கட்டியின்மேல் நடக்கிறவனுக்கு அவனால் என்ன உபயோகம்?

"மெதுவா நடக்கச் சொல்ல என்னாலதான் முடியும்" என்று கடைசியில் ஸ்லோ எழுந்தான். எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவன் குடையோடு பாலத்தைக் கடந்து வினைத் தெருவுக்குப் போனான். போய், பழக்கதோஷத்தில், வாக்குக்கு முன்னால் குடையை விரித்துக்கொண்டு நின்றான். பெயர்த் தெருவில் எல்லாம் அப்படித்தான், முன்னால் நின்றால் பின்னால் எஜமான் அடங்கி வருவார். வாக் எங்கே அடங்கினாள்? ஒரு வாய் கூப்பிட்டது, கிளம்பிவிட்டாள். முன்னால் நின்றவன்மேல் மோதி, அவனைத் தள்ளி, அவன் குடைமேல் கால் வைத்துப் போயேபோய்விட்டாள். தெருவே கைகொட்டிச் சிரித்தது. ஸ்லோ மூக்கை உடைத்துக்கொண்டு, வெறும் முதுகோடு, உடைந்த குடைக்கம்பியைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தான்.

பாலத்தில் நாட் அவனை மேலும் கீழும் பார்த்தார். "முன்னால நிக்கறவனை வினை இடிச்சுத் தள்ளும். பின்னால போய் நில்லுன்னா, உன் முதுகு காலி, பிடிமானம் இல்லை, காத்து தூக்கிட்டுப் போயிடும். இனிமே வெறும் முதுகோட எந்தக் குடைக்காரனும் இந்தப் பாலத்தத் தாண்டக் கூடாது." சொன்னதோடு நிற்காமல் அதை ஊர்க் கட்டளையாகவே ஆக்கிவிட்டார்.

லிக் இதையெல்லாம் ஆற்றங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது முழங்கைவரை கண்ணாடியாகிவிட்டது. கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஸ்லோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, உனக்கு முதுகுக்கு ஒரு ஆள் வேணும். எனக்கு ஒரு வேலை வேணும். நான் உன் பின்னால வந்து நிக்கறேனே."

ஸ்லோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீங்க பெயர்த் தெருக்காரங்க. எஜமானி. நீங்க என்கூட வேலைத் தெருவுக்கு வரதா?"

"எஜமானியாம்! எஜமானி வீட்ல அடுப்பு எரிஞ்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? நான் உடம்புப்பா. யார் பின்னால நின்னாலும் அவனுக்கு ஒரு கனம் வரும். மெதுவானவனுக்குப் பின்னால நின்னா மெதுவான உடம்பு. சந்தோஷமானவனுக்குப் பின்னால நின்னா சந்தோஷமான உடம்பு. அந்த உடம்போட நீ வாக் பக்கத்துல போய் நின்னா, எப்படி நடக்கணும்ங்கறது தானா வந்துடும்."

ஸ்லோ யோசித்தான். அவன் யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்று உங்களுக்குத் தெரியும். லிக் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவன் தலையாட்டினான்.

இருவரும் பாலத்துக்குப் போனார்கள். முன்னால் ஸ்லோ, பின்னால் லிக்.

"கூடாது" என்றார் நாட்.

"ஏன் கூடாது? முதுகு காலியா இல்லையே" என்றாள் லிக்.

"பாலத்துல ஒரு நேரத்துக்கு ஒரு சொல்லுதான் போகணும். நீங்க ரெண்டு சொல்லு."

"ஒருத்தர் ஒருத்தரா போறோம்."

"அப்ப அவன் முதுகு காலி. கூடாது."

லிக் பல்லைக் கடித்தாள். வீட்டுக்குப் போய்ப் பழைய போர்வையை எடுத்துவந்தாள். ஸ்லோவின் முதுகில் உப்புமூட்டை ஏறிக்கொண்டு, போர்வையை இருவர்மேலும் போர்த்தச் சொன்னாள். உடம்பே பாதி கரைந்துவிட்டதால் அவள் கனம் ஒன்றும் தெரியவில்லை. போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஸ்லோ ஒரே சொல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்தான்.

நாட் போர்வையைப் பார்த்தார். ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஸ்லோ பாதிப் பாலம் தாண்டிவிட்டான். அப்போது, ஆற்றைப் பார்த்தபடியே, நாட் சாவகாசமாகக் கூப்பிட்டார்.

"லிக்."

"ம்?" என்றது போர்வை.

பல காலமாக ஊறிப்போன பழக்கம். எத்தனை பசியிலும், எத்தனை தூக்கத்திலும், தன் பெயரைச் சொன்னால் திரும்பாத சொல் உண்டா? ஸ்லோவின் முகத்தில் ஈயாடவில்லை. லிக் போர்வையை விலக்கிக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"சொல்லுங்க ஐயா" என்றாள். "நான் என்ன பண்ணினா நீங்க என்னை ஒரு சொல்லுன்னு எண்ணமாட்டீங்க?"

நாட் அவளை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். அவள் தோள் வழியாகப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் அவருக்குத் தெரிந்தது. குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஏம்மா, இது விளையாட்டு இல்ல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறது சொல்லு. தனியா நின்னா அர்த்தம் இருக்கறது சொல்லு. ரெண்டையும் விட்டாத்தான் நீ சொல்லு இல்ல. விட்டுட்டா திரும்ப எடுத்துக்க முடியாது. அப்புறம் நீ தனியா எங்கயும் நிக்கவே முடியாது. எப்பவும் எவன் முதுகுலயாவதுதான் இருக்கணும். வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். வேற சொல்லத்தான் எனக்குத் தெரியாதே."

ஸ்லோ பதறிப்போனான். "வேண்டாம் அக்கா. நாம வேற ஏதாவது..."

"நீ வேற ஏதாவது யோசிக்கறதுக்குள்ள நான் பனிமூட்டத்துல இருப்பேன்" என்றாள் லிக். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஊரை ஒருமுறை பார்த்தாள். தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். குழந்தைகளின் ஈர உடம்புகளை, காய்ச்சல்காரர்களின் சூட்டை, தூக்கிப்போன எல்லாரையும் நினைத்தாள். அத்தனையும் அவளுடைய அர்த்தம். அது இல்லாமல் அவள் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. பனிமூட்டத்துக்குள் போனால் அர்த்தமும் இருக்காது, அவளும் இருக்கமாட்டாள். இங்கே விட்டால் அவளாவது இருப்பாள். இந்தக் கணக்கில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"பாடியைக் கூட்டிட்டு வா" என்றாள் ஸ்லோவிடம்.

ஸ்லோ ஓடினான். வாழ்நாளில் அவன் ஓடியது அது ஒருமுறைதான் என்று சொல்கிறார்கள். பாடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். லிக் தன் மடியிலிருந்து அர்த்தத்தை எடுத்தாள். கைக்குழந்தை அளவு இருந்தது, இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சமிருந்தது.

"இந்தா. ஊர்ல ஏதோ பழைய வாய் எப்பவாவது உடம்புக்கு என்னைத்தான் கூப்பிடும். அந்தக் கூப்பாடும் இனி உனக்கு வரட்டும். ஒழுங்கா ஓடு. குழந்தைங்க கூப்பிட்டா ரெண்டு மடங்கு வேகமா ஓடு."

பாடி அதை வாங்கிக்கொண்டு, பெரிய ஆள், விசும்பி விசும்பி அழுதான். அவள் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பினாள்.

அடுத்தது பெயர். அவள் பெயரின் கடைசியில் இருந்த அந்த க், தொண்டையில் மாட்டும் முள், அதுதான் அவளை நிமிர்ந்து நிற்க வைத்த எலும்பு. லிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, அதைக் கடித்துத் துப்பினாள். கல்லில் பட்டு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. க் உருண்டுபோய் ஆற்றில் விழுந்தது. லிக் நின்ற இடத்தில் கால் மடங்கிச் சரிந்தாள். விழுவதற்குள் ஸ்லோ குனிந்து முதுகைக் கொடுத்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இப்போது அவள் வெறும் லி.

ஸ்லோ பாலத்தில் நடந்தான். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவில்லை, இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்தான்.

"லிக்" என்று கூப்பிட்டார் நாட்.

யாரும் திரும்பவில்லை.

"லிக்!" என்று இன்னொரு முறை, இந்தமுறை திரும்பிவிட்டால் நன்றாயிருக்கும் என்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். ஸ்லோவின் முதுகில் இருந்தவள் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர் வாயை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பினார்.

அக்கரையில் வாக் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். ஸ்லோ குடை விரிக்கவில்லை, முன்னால் போய் நிற்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால், அவள் நடைக்கு ஏற்ப நடந்தான். முதுகில் கனம் இருந்ததால் காற்று அவனை அசைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் காட்வின் ஏரியில் இறங்கினான். கரையில் ஈடித் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து வாக்கைக் கூப்பிட்டாள். வாக் ஓடினாள், அவள் பின்னாலேயே ஸ்லோவும் முதுகில் லியுமாக நடந்துபோய் அந்த வாயில் நின்றார்கள்.

"வாக்... ஸ்லோலி!" என்று ஈடித் கத்தினாள்.

காட்வின் நின்றான். தலையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு காலைத் தூக்கி, பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்து வைத்தான். அப்புறம் அடுத்த காலை. மெல்லிசான இடத்தைச் சுற்றிக்கொண்டு, காலை வெயில் ஏறும் நேரத்துக்கு அக்கரை சேர்ந்து கையாட்டினான். ஈடித் அப்படியே தரையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். அந்தச் சூடான மூச்சு முழுவதும் லியின்மேல் பட்டது. பல நாள் பட்டினிக்குப் பிறகு அது தொண்டைக்குள் இறங்கியபோது அவளுக்கு நாக்கு தித்தித்தது. தோளிலும் முழங்கையிலும் ரத்தம் ஏறிற்று. விரல்கள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றாக, நகத்தோடு. அவள் அவற்றை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் குடைக்காரர்கள் பாலத்தின் முன்னால் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். நேற்றுவரை அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தவர்கள் எல்லாம் இன்றைக்கு, "என் முதுகுக்கு வாங்களேன், என் முதுகுக்கு வாங்களேன்" என்று நச்சரித்தார்கள். அவள் எல்லார் முதுகிலும் ஏறினாள். எப்படி ஒரே நேரத்தில் அத்தனை முதுகில் இருந்தாள் என்று கேட்காதீர்கள். தனக்கென்று அர்த்தம் இல்லாதவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. சோகமானவன் முதுகில் ஏறினால் அழுகை சோகமாக வந்தது. சத்தமானவன் முதுகில் ஏறினால் பாட்டு சத்தமாக வந்தது. நம் வீட்டில் ஆக என்று ஒருத்தி மெதுவாக, அழகாக, பத்திரமாக என்று எல்லார் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வருகிறாளே, அவளைப் போலத்தான். ஹாப்பிக்குப் பின்புறம் அவன் கடைசி எழுத்தான ஒய்யின் நீளமான வால் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் ஏற இடைஞ்சலாக. "வாலைச் சுருட்டு, இல்லேன்னா வரமாட்டேன்" என்றாள். அவன் சந்தோஷமாகவே வாலைச் சுருட்டிக்கொண்டான். இன்றைக்கும் அவளைச் சுமந்து வரும்போது அவன் வாலோடு வருவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

குட் மட்டும் அசையவில்லை. அவன் சட்டை கசங்கிவிடுமாம். தனக்குப் பதிலாக வெல் என்ற சொந்தக்காரனை அனுப்பினான். அதனால் ஒன்றை நன்றாகச் செய்தான் என்று சொல்ல இன்றுவரை வெல்தான் ஓடுகிறான், பேரை மட்டும் குட் வாங்கிக்கொள்கிறான். ஃபாஸ்ட் பழையபடி ஆற்றைத் தாவித் தாவிப் போய்வந்தான். "வேணாம்னா போடா, உன் வேகத்துல என்னைக் கீழ போட்டுருவே" என்று லி அவனை விட்டுவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சிலதைச் சொல்லாமல் விட முடியாது. அவள் வீட்டுக் கதவு அதன்பிறகு திறக்கவில்லை. தனியாக நின்று தாழ்ப்பாளைத் திறக்க அவளால் முடியாதே. பாடி அந்த வாசலைப் பெருக்கி வைத்தான், சில காலம். ஈடித்தின் பேரப்பிள்ளைகள் நாள் முழுக்க அவளைக் கூப்பிட்டார்கள், அவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கே உடம்பு என்றால் என்னவென்று மறந்துபோயிற்று. யாராவது குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் ஸ்லோவின் முதுகில் அவள் கை சற்று இறுகும். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்லோவுக்குத் தெரியும், அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு கனக்கிறது. ஆனாலும் அவளைப் போலவே கூப்பிடுவார் இல்லாமல் வாசலில் காத்திருந்த பழைய சொற்கள் பாதிக்கு மேல் பனிமூட்டத்துக்குள் போய்விட்டன, அவள் இருக்கிறாள்.

அன்று முதல்தான் ஆங்கிலத்தில், ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்லப் போகிற குடைக்காரன் குடையை வைத்துவிட்டு, முதுகில் ஒரு லியைச் சுமந்துகொண்டு போகிறான். இப்போது அவசர யுகம். நம் ஊர் மலைப்பாதை வளைவுகளில்கூட அவளை இறக்கிவிட்டு, கோ ஸ்லோ என்று மொட்டையாகப் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவள் உட்கார்ந்து அழுவதில்லை. அந்த வழியாக அடுத்து வருகிறவன் யாரென்று பார்த்து, அவன் முதுகில் ஏறிக்கொள்கிறாள்.